வீட்டு வைஃபையில் ரேடியஸ் சர்வர்: சோதனையில் வெற்றி, கைபேசியில் தோல்வி

கேள்வி: வீட்டில் சும்மா கிடந்த ஒரு கணினியில் லினக்ஸ் நிறுவி, அதில் ஃப்ரீரேடியஸ் சர்வரை (வைஃபையில் இணைய வருபவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் ரேடியஸ் மென்பொருள்) அமைத்திருக்கிறேன். ரௌட்டரில், ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் டபிள்யூபிஏ2-எண்டர்பிரைஸ் முறையைத் தேர்ந்தெடுத்து, சர்வரின் முகவரியையும், ரௌட்டரும் சர்வரும் மட்டும் அறிந்த ரகசியச் சொல்லையும் கொடுத்துவிட்டேன். சர்வர் கணினியிலேயே ரேட்டெஸ்ட் கட்டளையால் சோதித்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படுகின்றன. ஆனால் கைபேசியில் இணைய முயன்றால் தோல்விதான். பிழை எங்கே இருக்கும்? சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழைக் கைபேசி சரிபார்ப்பதை நிறுத்திவிட்டால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை சிறியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: செய்யக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

ரேட்டெஸ்ட் சோதனையின் வெற்றி, நீங்கள் நினைக்கும் அளவுக்கு நல்ல செய்தி அல்ல. வேறு முறை எதையும் குறிப்பிடாவிட்டால் அந்தக் கட்டளை, பிஏபி என்ற எளிய வழியில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வரிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்கிறது; அதற்கு மேல் எதையும் சோதிப்பதில்லை. கைபேசி வைஃபை வழியாக வரும்போதோ, ரௌட்டர் தன் முகவரியிலிருந்து கோரிக்கையை அனுப்ப வேண்டும், சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும், கைபேசி அதை நம்ப வேண்டும், அதன் பிறகே மறையாக்கம் செய்யப்பட்ட பாதைக்குள் கடவுச்சொல் பரிமாற்றம் நடக்க வேண்டும். இந்தப் படிகளில் ஒன்றைக்கூட ரேட்டெஸ்ட் தொடவில்லை.

இந்த ஏற்பாட்டில் ரௌட்டர் ஒரு தூதுவன் மட்டுமே. கைபேசி சொல்வதைச் சர்வரிடமும், சர்வர் சொல்வதைக் கைபேசியிடமும் அது கொண்டுசேர்க்கிறது. பயனரின் கடவுச்சொல் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ஆகவே இங்கே தனித்தனியான இரண்டு நம்பிக்கை உறவுகள் இருக்கின்றன: ரௌட்டருக்கும் சர்வருக்கும் இடையிலானது ரகசியச் சொல்லால் நிலைநிற்கிறது, கைபேசிக்கும் சர்வருக்கும் இடையிலானது சான்றிதழால் நிலைநிற்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான இடத்தில் மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

எந்த உறவு முறிந்திருக்கிறது என்பதைச் சர்வரே சொல்லும். பின்னணியில் ஓடும் சேவையை நிறுத்திவிட்டு, ஃப்ரீரேடியஸைப் பெரிய எக்ஸ் எழுத்து விருப்பத்துடன் முனையத்தில் நேரடியாக இயக்குங்கள்; பிறகு கைபேசியை இணைய முயலச் செய்து, திரையில் ஓடுவதைக் கவனியுங்கள். எதுவுமே ஓடவில்லை என்றால் கோரிக்கை சர்வரை எட்டவே இல்லை: சர்வர் முகவரி தவறாக இருக்கலாம், ரேடியஸ் கோரிக்கைகள் வரும் வாசலான யுடிபி 1812 போர்ட்டை ஃபயர்வால் மறித்திருக்கலாம், அல்லது பழைய கருவிகள் சில செய்வதுபோல ரௌட்டர் 1645-க்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். அறியாத கிளையண்ட் என்ற செய்தி வந்தால், சர்வரின் கிளையண்ட் பட்டியலில் (கோரிக்கை அனுப்ப அனுமதி பெற்ற கருவிகளின் பட்டியல்) ரௌட்டரின் முகவரி இல்லை என்று பொருள். ரேட்டெஸ்டை அந்தக் கணினியிலேயே இயக்கியதால் அது ஏற்கெனவே பட்டியலில் உள்ள உள்முகவரியிலிருந்து பேசியது. ரௌட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. பல கருவிகள் சேர்ந்து வீடு முழுவதும் பரப்பும் மெஷ் வகை வைஃபை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு துணைக் கருவியும் தன் சொந்த முகவரியிலிருந்து கோரிக்கை அனுப்பக்கூடும் என்பதால், எல்லா முகவரிகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். ரகசியச் சொல் பொருந்தவில்லை என்றால் அதையும் திரை வெளிப்படையாகச் சொல்லும்.

சர்வர் சவால் செய்தியை அனுப்பிவிட்டு, கைபேசியிடமிருந்து பதில் வராமல் உரையாடல் பாதியில் நின்றுபோனால், கைபேசி சான்றிதழை ஏற்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். உரையாடல் கடைசிவரை போய் மறுப்பில் முடிந்தால் கடவுச்சொல்லைப் பாருங்கள். அங்கே ஒரு நுட்பம் உண்டு. வீடுகளில் அதிகம் பயன்படும் பிஇஏபி முறை, மறையாக்கப் பாதைக்குள்ளே எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பு என்ற கடவுச்சொல் பரிமாற்ற முறையைப் பயன்படுத்துகிறது; அதற்குச் சர்வரில் கடவுச்சொல் வெளிப்படையாகவோ, என்டி ஹேஷ் என்ற உருமாற்றிய வடிவிலோ இருந்தாக வேண்டும். லினக்ஸ் கணக்குகளின் கடவுச்சொல் கோப்பிலோ வேறு வகை ஹேஷாகவோ அதை வைத்திருந்தால், பிஏபி சோதனை வெற்றி பெறும், கைபேசி தோற்கும். உங்கள் அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஆகவே கிளையண்ட் பட்டியலுக்கு அடுத்து நான் பார்க்கும் இடம் இதுதான். கைபேசியும் ரௌட்டரும் இல்லாமலே முழுப் பாதையையும் சோதிக்க ஈஏபிஓஎல்-டெஸ்ட் என்ற கருவி இருக்கிறது. ரேட்டெஸ்டை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

இப்போது நண்பரின் யோசனைக்கு வருவோம். எண்டர்பிரைஸ் முறையில் சான்றிதழ்தான், கைபேசி பேசுவது உங்கள் சர்வருடன்தானா என்பதற்கு ஒரே சாட்சி. சரிபார்ப்பை நிறுத்திவிட்டால், உங்கள் வைஃபையின் பெயரையே வைத்து அருகில் ஒருவர் போலி வைஃபை அமைக்கும்போது, கைபேசி தயங்காமல் அவருடைய சர்வருடன் பரிமாற்றத்தைத் தொடங்கிவிடும். எம்எஸ்சாப் இரண்டாம் பதிப்பின் பரிமாற்றத்தை, டிஇஎஸ் என்ற பழைய மறையாக்க முறையின் ஒற்றை 56-பிட் சாவியைத் தேடும் வேலையாகச் சுருக்கிவிடலாம் என்று 2012-இலேயே காட்டிவிட்டார்கள். கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதனால் பயனில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரே நீளமான கடவுச்சொல்லுடன் கூடிய சாதாரண பெர்சனல் முறையில் போலி வைஃபைக்கு இவ்வளவு எளிதாக எதுவும் சிக்காது. அதாவது சரிபார்ப்பு இல்லாத எண்டர்பிரைஸ், நீங்கள் விட்டுவந்த பழைய முறையைவிடப் பலவீனமானது. ஆண்ட்ராய்டும் 11-ஆம் பதிப்புக் காலத்தில், சரிபார்ப்பை நிறுத்தும் விருப்பத்தை நீக்கத் தொடங்கியது. புதிய கைபேசிகள் பலவற்றில் அதை நீங்கள் காணவே முடியாது.

சரியான வழி கடினமானதும் அல்ல. ஃப்ரீரேடியஸுடன் வரும் சான்றிதழ்க் கோப்புறையில் உள்ள மாதிரி அமைப்புகளைத் திருத்தி, உங்களுக்கென ஒரு மூலச் சான்றிதழையும், அது கையொப்பமிட்ட சர்வர் சான்றிதழையும் உருவாக்குங்கள். மாதிரியில் உள்ள கடவுச்சொற்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். மூலச் சான்றிதழை மட்டும் கைபேசிக்குக் கொண்டுபோய், ஆண்ட்ராய்டில் வைஃபை சான்றிதழ் என்ற வகையில் நிறுவி, இணைப்பு அமைப்பில் அதைத் தேர்ந்தெடுத்து, டொமைன் என்ற கட்டத்தில் சர்வர் சான்றிதழில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் இடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கைபேசியில் சேமித்த இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது நல்லது. பழைய அமைப்பு ஒட்டிக்கொண்டிருந்து குழப்பும்.

ரகசியச் சொல்லை 16 எழுத்துக்குக் குறையாமல், இயன்றால் இரு மடங்காக, அர்த்தமற்ற எழுத்துகளால் அமையுங்கள். கைபேசிக்கும் ரௌட்டருக்கும் இடையிலான மறையாக்கச் சாவி ஒவ்வொரு முறையும் சர்வரிடமிருந்து ரௌட்டருக்கு இந்தச் சொல்லின் பாதுகாப்பில்தான் வருகிறது. சர்வர் கம்பி வழியாக, மாறாத முகவரியுடன் இணைந்திருக்க வேண்டும். சர்வரே அதே வைஃபையில் இருந்தால், அது இணைய அதன் அனுமதியே தேவைப்படும் நிலை வந்துவிடும். 1812 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது.

டிவி, பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு போன்றவற்றில் பெரும்பாலானவை எண்டர்பிரைஸ் முறையை அறியாதவை. அவற்றுக்குச் சாதாரணக் கடவுச்சொல்லுடன் தனி வைஃபை பெயர் ஒன்று வைத்தாக வேண்டும். சர்வர் நின்றுபோகும் நாளில் உங்களுக்கும் அதுவே மாற்றுவழி.

இவ்வளவு வேலைக்கு வீட்டில் தேவை உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒருவருடைய அனுமதியை மட்டும் ரத்துசெய்ய வேண்டும், ஆளுக்கேற்பத் தனி வலையமைப்பில் சேர்க்க வேண்டும், அல்லது கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் உண்டு. இல்லையென்றால் டபிள்யூபிஏ3-பெர்சனலும் விருந்தினர் வைஃபையும் போதும்.

கடைசியாகச் சான்றிதழின் ஆயுள். ஃப்ரீரேடியஸின் மாதிரி அமைப்பில் அது 60 நாள்தான். மாற்றாமல் விட்டால் இரண்டு மாதம் கழித்து எல்லாக் கருவிகளும் ஒரே நாளில் இணைய மறுக்கும். மூலச் சான்றிதழுக்குப் பல ஆண்டுகள் கொடுங்கள். சர்வர் சான்றிதழை, ஆப்பிள் கருவிகளையும் மனத்தில் வைத்து, 825 நாளைத் தாண்டாமல் அமைத்து, அது முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.