தலைமைப் பண்புக்குப் புத்தகம் உதவுமா?

கேள்வி: தலைமைப் பண்பு பற்றிய புத்தகங்கள் நிஜமாகவே உதவுகின்றனவா? உங்களுக்கு எது உதவியது?

எனக்கு உதவியவை சங்கீதக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகள்.

ஆத்தங்குடியில் அப்பா விட்டுப்போன டைல்ஸ் பட்டறையை நடத்துகிறேன். ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். பொறுப்பு கைக்கு வந்த புதிதில், பயத்தில், தலைமைப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன். குறை சொல்வதற்கு முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு என்றது ஒரு புத்தகம். சரி, சாயம் ஊற்றும் மூத்த அண்ணனிடம் முயன்று பார்க்கலாம் என்று போனேன். அப்பா காலத்து ஆள். “அண்ணே, உங்க கை மாதிரி இந்த வட்டாரத்துலயே கிடையாது” என்று ஆரம்பித்தேன். டைல்ஸ் வார்க்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “என்ன தம்பி, கடன் கிடன் வேணுமா?”

அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் ஜெயித்தவரைப் பார்த்துவிட்டு எழுதியவை. ‘குட் டு கிரேட்’ என்ற பிரபலமான அமெரிக்க நிர்வாகப் புத்தகம் 2001-ல் வந்தது. 11 கம்பெனிகளை உதாரணம் காட்டியது. அதில் சர்க்யூட் சிட்டி 2009-ல் கடையையே மூடியது. வீட்டுக் கடன் கம்பெனியான ஃபேனி மேயை 2008-ல் அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நம்ம ஊர் ஆளைப் பற்றிய எழுத்தும் அப்படித்தான். கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முதல் நாள் ராத்திரி அவர் தூங்கினாரா என்று, நான் படித்த எதிலும் இல்லை.

உ.வே.சா. 1936-ல் மூன்று சங்கீதக்காரர்களைப் பற்றித் தனித்தனியாக எழுதினார்: கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர். (நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்று டேல் கார்னகி எழுதிய பிரபலமான புத்தகமும் அதே வருஷம்தான்.) மகாவைத்தியநாதையருக்குப் பன்னிரண்டு வயதில் கல்லிடைக்குறிச்சியில் ‘மகா’ பட்டம் கிடைக்கிறது. அண்ணன் இராமசாமி சிவனோ பெரியபுராணக் கீர்த்தனை எழுதிய புலவர். ஆனாலும் தம்பியோடு கூட உட்கார்ந்து பாடுகிறார். எங்கள் பக்கத்துக் காரைக்குடி சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சுப்பராமையர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர், தம்பி சாம்பசிவையர் வழக்கம்போலக் கிடத்தி. பிடி வேறு, கச்சேரி ஒன்று. இதில் தலைவர் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? கூட்டு வியாபாரம் பார்க்கிற பங்காளிகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

என்னை உலுக்கியது உ.வே.சா.வின் கோபாலகிருஷ்ண பாரதியார் புத்தகத்தில் வரும் ஒரு திண்ணை. தான் எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் (நூலின் முன்னால் போடும் பாராட்டுப் பாட்டு) கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருகிறார் பாரதியார். இலக்கணப் பிழை இருக்கிறதே என்று பிள்ளைக்கு மனசில்லை, தட்டிக் கழிக்கிறார். பாரதியாரும் விடாமல் நடக்கிறார். ஒரு நாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, வெளியே காத்திருந்தவர் தன் கீர்த்தனையைத் தன்னை மறந்து பாட ஆரம்பிக்கிறார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. எழுந்து வந்து பாயிரம் கொடுக்கிறார். பிழை என்று அவர் சொன்னது பொய்யில்லை. அது அப்படியேதான் இருக்கிறது.

படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் 40 டைல்ஸ் கல்.

எங்கள் தொழிலில் சாயத்தைக் கண்ணாடி மேல் அச்சு வைத்து ஊற்றுவோம். மேலே உலர்ந்த மணல்-சிமெண்ட் தூவி, ஈரக் கலவை போட்டு அழுத்தி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுவோம். சூளை கிடையாது. கண்ணாடியிலிருந்து பிரித்தால்தான் கல்லின் முகம் தெரியும். அந்த அண்ணன் ஒரு தடவை அச்சே வைக்காமல், கரண்டியை ஆட்டியே பூ ஊற்றியிருந்தார். ஒரு பூ மாதிரி இன்னொன்று இல்லை. பார்ட்டி திருப்பிவிடுவான் என்று சொல்லி, கணக்கில் கழிவு என்று எழுதி, கொட்டகைக்குப் பின்னால் போடச் சொன்னேன். வாயைத் திறக்காமல் அவரே தூக்கிக்கொண்டு போய் அடுக்கினார்.

மறுநாள் காலையில் பாசி ஏறிக் கிடந்த அந்தக் கற்களைக் கழுவித் தரையில் வரிசையாகப் பரப்பினேன். அவர் டீ கிளாஸோடு வந்து நின்று பார்த்தார். “மூணாவது வரிசையில தலைகீழா வச்சிருக்கீக தம்பி” என்றார்.

இப்போது அவை பட்டறைத் திண்ணையில் பதித்திருக்கின்றன. வருகிற பார்ட்டிகள் கேட்லாக்கை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் கேட்கிறார்கள். என்ன விலை சொல்வது என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் தெரியவில்லை.