காசு யாருக்கு?

கேள்வி: 2022-இல் உக்ரேன் போர் தொடங்கியதும் செம்பனை எண்ணெய் விலை எங்கேயோ போனது. போர் இழுத்துக்கொண்டே போனால் நம்மைப் போன்ற தோட்ட ஊர்களுக்கு நல்லதுதானே? சண்டை அவர்களுடையது, காசு நமக்கு!
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: 'நமக்கு' என்றால் யாருக்கு ஐயா? 2022 மார்ச்சில் டன் விலை 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது உண்மைதான். உக்ரேனின் சூரியகாந்தி எண்ணெய் கப்பலேற முடியாமல் நின்றதால் வந்த ஏற்றம் அது. செப்டம்பர் முடிவதற்குள் அதில் பாதிகூட நிற்கவில்லை. உர விலையும் கூடவே ஏறியது. செம்பனைக்கு அவசியமான பொட்டாஷை உலகத்துக்கு அதிகம் விற்பவர்களில் ரஷ்யாவும் பெலாரஸும் உண்டு. உங்கள் பக்கத்தில் நாலு ஏக்கர் வைத்திருப்பவரைக் கேளுங்கள், அந்த வருட உரச் செலவைச் சொல்வார். தீவன விலை ஏறி, கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது. குலை வெட்டுகிறவருக்கு நாலு காசு கூடக் கிடைத்திருந்தாலும் அதைச் சந்தையில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருப்பார்.

சண்டை அவர்களுடையதாம்! 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரேன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானத்தில் இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள்.

அப்புறம், இந்தக் கேள்வி சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருப்பதுதான் எனக்கு வியப்பு. 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்கப் பிரிட்டிஷ் அரசாங்கம் பிறப்பித்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நடுவில் கொரியப் போர் வந்து ரப்பர் விலை எகிறியது. நீங்கள் சொல்லும் அதிர்ஷ்டத்தை அப்போதே பார்த்தாயிற்று. ரப்பர் ஏற்றுமதி வரி அரசாங்கத்தின் போர்ச் செலவைத் தாங்கியது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு வந்தது முள்வேலி. பால்மரம் வெட்டப் போனவர்கள் மதியச் சோறு எடுத்துப்போகவும் பல இடங்களில் தடை, காட்டில் இருக்கும் கெரில்லாக்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம்! சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, குடிசையைவிட்டுக் கிளப்பிப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,478 பேர். காணாமல் போனவர்கள் 810. அந்த 810 குடும்பங்களும் எத்தனை காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதற்கு எந்தக் கணக்கிலும் பத்தி கிடையாது.

அதற்கும் முந்தியது ஜப்பான்காரன் காலம். 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். சிலரைக் கூலி ஆசை காட்டி, மற்றவர்களை வளைத்துப் பிடித்து. காலராவிலும் பட்டினியிலும் போனவர்கள் போக, மிஞ்சி வந்தவர்கள் கையில் இருந்தது வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு. 1945-இல் அதுவும் செல்லாது என்று ஆகிவிட்டது.