நாற்சந்தியில் பிறரின் கவனக்குறைவிலிருந்து தப்பிக்கத் தற்காப்புடன் ஓட்டுவது எப்படி?

தற்காப்புடன் வாகனம் ஓட்டுவது என்பது, பிறர் தவறு செய்யக்கூடும் என்று முன்கூட்டியே கணக்கில் கொண்டு, அப்படி நேர்ந்தாலும் மோதல் நிகழாதபடி நம் வேகத்தையும் இடைவெளியையும் வைத்துக்கொள்வதாகும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே வரும் லாரியைக் கண்டு, நம் கால் பிரேக்கை அடைவதற்குள்ளாகவே அந்த ஒரு நொடி போய்விடுகிறது. வேகத்தை 35 ஆகக் குறைத்திருந்தால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே, சந்தியை நெருங்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கின் மேல் தயாராக வைத்திருங்கள். இந்தியாவில் இடப்புறமாக ஓட்டுவதால், குறுக்குச் சாலையில் வலப்புறமிருந்து வரும் வாகனமே முதலில் நம் பாதையில் குறுக்கிடும். எனவே முதலில் வலம், பிறகு இடம், மீண்டும் வலம் எனப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியின் ஓரத்தூண் ஒரு முழு மோட்டார் சைக்கிளையே மறைத்துவிடக்கூடும் என்பதால், தலையைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது அவசியம்; பலர் இதைச் செய்யாமல் விடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கல்யாணப் பந்திக்குக் கொதிக்கும் சாம்பார் வாளியைத் தூக்கி வருபவர், குழந்தைகள் ஓடிவரலாம் என்று வாசற்படியருகே நடையைத் தளர்த்துவார். வழி தனக்கே உரியது என்று வேகமாக நுழையமாட்டார். சந்தியை நெருங்கும் ஓட்டுநரும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

பச்சை விளக்கு எரிந்தால் பாதை பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நாம் செல்ல அனுமதி தருகிறதே தவிர, குறுக்குச் சாலையில் வருபவர் சிவப்பு விளக்கைக் கண்டு நின்றுவிட்டார் என்பதற்கு உறுதி தருவதில்லை.