வரலாறு திரும்பத் திரும்ப நடக்கிறது, மனிதன் மாறுவதே இல்லை என்கிறார்களே, உங்கள் அனுபவத்தில் பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டிலேயே.

1996இல் அப்பா ஓய்வு பெற்றார். மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு. அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வந்ததில் பெரும்பகுதியைத் தி.நகரில் இருந்த ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டார். வங்கியில் 12 சதவீதம் கிடைத்த காலம், அங்கே 24. அம்மா தயங்கினாள். "இது அந்த மாதிரி கம்பெனி இல்லை. நடத்துறவர் எப்பேர்ப்பட்ட பக்திமான் தெரியுமா? எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் போட்டிருக்காங்க" என்றார். ஒரு வருஷத்துக்கும் மேல் வட்டி தேதி தவறாமல் வந்தது. அந்தத் தெம்பில் நண்பர்கள் இரண்டு பேரை அவரே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். 1998இல் ஒருநாள் ஷட்டர் திறக்கவில்லை. பணம் போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த இரண்டு பேர் எதிரே வந்துவிடுவார்களோ என்று சாயங்கால நடையையே விட்டுவிட்டார்.

பல வருஷம் கழித்து அர்பத்நாட் கம்பெனியின் கதையைப் படித்தேன். பாரி, பின்னி போல மதராஸில் பெயர்பெற்ற வெள்ளைக்காரக் கம்பெனி. நம்மவர்கள் பலர் சேமிப்பை அதில்தான் வைத்திருந்தார்கள். 1906 அக்டோபர் 22 அன்று அது திவாலானது. லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல்.

இதையெல்லாம் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அப்பா இரண்டு ஜோடி சட்டையில் வருஷத்தை ஓட்டியவர். கணக்கைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறோம், வேறு யார் யார் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். மாறாமல் இருப்பது அந்தப் பழக்கம்தான். 1906இல் வெள்ளைக்காரன் பெயரை நம்பினார்கள், அப்பா காலத்தில் நெற்றியில் இருந்த விபூதியை. நடுவில் பணம் போடச் சொல்லித் தேக்கு மரத் திட்டம் வந்தது, ஈமு கோழித் திட்டம் வந்தது.

2022இல் வாட்ஸ்அப் குழு. அக்கா மகன் வீட்டுக்கு வந்து மாத வட்டி எவ்வளவு என்று சொன்னபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாத்தா கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாமா, இது அந்த மாதிரி கம்பெனி இல்லை" என்றான். அதே வார்த்தை. தாத்தா அதைச் சொன்னபோது இவன் பிறக்கவே இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்து 2 லட்சம் போட்டான்.

மனிதன் மாறவில்லை என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு தடவை அடிபட்ட பிறகும் யாரோ ஒரு வேலி கட்டியிருக்கிறார்கள். அர்பத்நாட் விழுந்த மறு வருஷமே, 1907இல், வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியது. அதன் பிறகு 1962இல் டெபாசிட் காப்பீடு வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை அது காப்பாற்றும். ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக விழுந்த காலத்தில், 1997இல், தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அந்த வேலிகளை நான் மதிக்கிறேன். ஆனால் வேலிக்கு வெளியே போய்ப் பணம் போட்டால் காப்பீடு கிடையாது. சட்டம் இருந்தாலும் பணம் திரும்பி வருவதற்குள் பாதி ஆயுள் போய்விடும்.

புகார் கொடுக்க அவனோடு நானும் போனேன். நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் மஞ்சள் பையில் ரசீதுகளை வைத்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் அவன் எதுவும் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"மாமா, ஆபீஸ்ல ரெண்டு பேரை நான்தான் சேர்த்துவிட்டேன்."