அலுவலகத்தில் திறக்கும் லேப்டாப் வீட்டில் ஏன் திறப்பதில்லை?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 12 பேருக்கு லேப்டாப் வாங்கி, விண்டோஸ் டொமைனில் (பயனர் கணக்குகளை அலுவலக சர்வரே நிர்வகிக்கும் அமைப்பில்) சேர்த்தோம். வீட்டுக்கு எடுத்துச் சென்ற இருவரால் மட்டும், சரியான பாஸ்வேர்டு கொடுத்தும், உள்ளே நுழைய முடியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: அந்த இருவரும் அலுவலக நெட்வொர்க்கில் ஒருமுறைகூட லாகின் செய்யாமல் லேப்டாப்பை எடுத்துச் சென்றிருக்க வேண்டும். டொமைனில் சேர்ந்த கணினி பாஸ்வேர்டைச் சரிபார்க்க அலுவலக சர்வரைத் தேடும். சர்வர் எட்டாதபோது, ஏற்கெனவே உள்ளே வந்தவர்களுக்காகத் தன்னிடம் சேமித்துள்ள பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வழக்கமான அமைப்பில் 10 பயனர்களின் பதிவு வரை இருக்கும். புதியவருக்குப் பதிவே இல்லை என்பதால் கதவு திறக்காது.

இருவரையும் ஒருநாள் அலுவலகத்துக்கு வரச் சொல்லி லாகின் செய்ய வையுங்கள். பிறகு கேபிளையும் வைஃபையையும் துண்டித்துவிட்டு, அவர்களை உங்கள் கண்ணெதிரிலேயே மறுபடி நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். இனி எந்த லேப்டாப்பையும் இந்தச் சோதனை இல்லாமல் வெளியே அனுப்பாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

பலரும் இடறும் இடம் பாஸ்வேர்டு மாற்றம். அதை வேறொரு கணினியில் மாற்றினால், வீட்டிலுள்ள லேப்டாப் பழைய பாஸ்வேர்டையே எதிர்பார்க்கும். வீட்டிலிருந்து மாற்றுவதானால், விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்கில் சேரும் பாதுகாப்பான) இணைப்பில் இருந்தபடி கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளை அழுத்தி மாற்றிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமலே திரையைப் பூட்டிப் புதிய பாஸ்வேர்டால் திறக்க வேண்டும்.

அலுவலக சர்வரையே சாராத வேலையானால், 2023 வரை அஸூர் ஆக்டிவ் டைரக்டரி எனப்பட்ட, மைக்ரோசாஃப்ட்டின் இணையவழிக் கணக்குச் சேவையான என்ட்ரா ஐடியில் லேப்டாப்களைச் சேர்க்கலாம். முதல் லாகினுக்கே வீட்டு இணையம் போதும். கணக்கு மென்பொருள் உள்ளூர் சர்வரில் இருக்கும்வரை டொமைனை அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம்.