100 ஆவரேஜ் வைத்தும் இரைச்சல் குறையவில்லையா?

சென்சாரை மாற்ற அவசரப்படாதீர்கள் நண்பரே. கியர்பாக்ஸின் அதிர்வை அளக்கும்போது 100 ஆவரேஜ் (100 அளவீடுகளின் சராசரி) வைத்தும் ஸ்பெக்ட்ரத்தின் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடம்) இரைச்சல் மட்டம் இறங்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் சராசரி எடுப்பது ஸ்பெக்ட்ரத்தை. அதில் இரைச்சலின் ஏற்ற இறக்கம்தான் மழுங்கும், அளவு அப்படியே நிற்கும்.

அலைவடிவத்தையே சராசரி எடுங்கள். அதற்கு டேக்கோ (தண்டின் சுழற்சியை உணரும் கருவி) கட்டாயம்: சுற்றுக்கு ஒரு துடிப்பு, ஒவ்வொரு சுற்றும் அதே கோணத்தில் தொடங்க வேண்டும். அப்போது 100 சுற்றில் இரைச்சல் பத்தில் ஒன்றாகும், அதாவது 20 டெசிபல் குறையும். 400 வைத்தால் மிஞ்சும் இரைச்சல் அதிலும் பாதியாகும், அவ்வளவுதான். எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதில் பெரிய லாபமில்லை.

வேகம்தான் வில்லங்கம். உங்கள் 23 பல் பினியனில் (சிறிய பற்சக்கரம்) வேகம் 1% மாறினாலே சுற்றின் முடிவில் 3.6 டிகிரி நழுவும். சுற்றுக்கு 23 முறை பல் இணைவதால், பல் இணையும் அதிர்வெண்ணில் அது 23 மடங்கு, ஏறக்குறைய 83 டிகிரி! நீங்கள் தேடும் உச்சியே கரைந்துபோகும். ஆகவே முதலில் கோணவாரியாக மறுமாதிரி எடுத்து (சம நேர இடைவெளிக்குப் பதில் சம கோண இடைவெளியில் அலையின் புள்ளிகளை எடுத்து), பிறகு சராசரி போடுங்கள்.

பேரிங் பழுதும் சந்தேகமா? அந்த அதிர்வு சுழற்சியோடு ஒத்துப்போகாது, சராசரியில் அதுவும் அழிந்துவிடும். மூல அலையிலிருந்து சராசரியைக் கழித்து, மிச்சத்துக்கு என்வலப் (அலையின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் உறைகோடு) போட்டுப் பாருங்கள்.