ஒட்டாக்ரிங்கில் இருக்கிறது என் சரயேவோ

தம்பி, வியன்னாவில் உங்கள் முதல் குளிர்காலம் இது. வார இறுதி வந்தாலே மனசு கனக்கிறது, அலுவலகத்தில் மரியாதைக்குக் குறைவில்லை ஆனால் யாரும் ஒட்டுவதில்லை, இந்திய ஓட்டலுக்குப் போனால் ஊர் ஏக்கம்தான் கூடுகிறது, எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். 44ஆம் எண் டிராமில் ஏறி, ஒட்டாக்ரிங் பகுதியில் உள்ள ஒட்டாக்ரிங்கர் தெருவுக்குப் போங்கள். பால்கன் மைல் என்று பேர் வாங்கிய தெரு; பால்கன் என்றால் போஸ்னியா உள்ளிட்ட தென்கிழக்கு ஐரோப்பா. அங்கே ஒரு போஸ்னியச் சாப்பாட்டுக் கடையில் உட்காருங்கள்.

எனக்கு போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்னால் போன ஊர். பஷ்சார்ஷியா கடைவீதியில் செம்பு தட்டும் ஓசை, மில்யாட்ஸ்கா ஆற்றின் மேல் 1914இல் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்ட இடத்தை ஒட்டிய லத்தீன் பாலம், மாலையில் சுற்றியுள்ள மலைச்சரிவுகளிலிருந்து கேட்கும் பாங்கு. அதன் பிறகு பிள்ளைகள், வேலை என்று ஆகிவிட்டது, போக வாய்க்கவில்லை. நாளாக ஆக அந்த ஊர் நாலு புகைப்படமாகச் சுருங்கிவிட்டது. அதை முழுசாகத் திருப்பிக் கொடுத்தது நான் சொல்லும் இந்தக் கடைதான்.

கடைக்கார அம்மா சனிக்கிழமை காலையில் பிட்டாவுக்கு, அதாவது மெல்லிய மாவில் உள்ளீடு வைத்துச் சுருட்டிச் சுடும் பண்டத்துக்கு, மாவு இழுப்பார். பெரிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து, எண்ணெயில் ஊறிய உருண்டையை நடுவில் வைத்து, புறங்கையை அடியில் கொடுத்துக் கொடுத்து இழுப்பார். நம் வீச்சு பரோட்டா மாஸ்டர் காற்றில் செய்வதை இவர் மேசையில் நிதானமாகச் செய்கிறார். துணியின் நெசவு தெரியும் அளவுக்கு மாவு மெலிந்ததும் ஓரத்தில் உள்ளீட்டை வரிசையாகத் தூவி, சுருட்டி, வட்டத் தட்டில் சுற்றி வைப்பார். ஊரில் இரும்பு மூடி போட்டு, மேலே தணல் அள்ளிக் கொட்டிச் சுடுவார்களாம். இங்கே மின்னடுப்புதான். அந்த வாசனை வராது என்பதில் அவருக்குத் தீராத குறை.

1992இல் சிறுமியாக அம்மாவோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர் அவர். அப்போது தொடங்கிய போஸ்னியப் போரில் ஏறக்குறைய 90,000 போஸ்னியர்களுக்கு ஆஸ்திரியா இடம் கொடுத்தது. அவருடைய பெரியம்மா சரயேவோவிலேயே மாட்டிக்கொண்டார். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகை. நிவாரண அரிசி, டப்பா இறைச்சி, மக்ரோனி. கீரைக்கு வழியில்லாமல் தொட்டால் அரிக்கும் காஞ்சொறியைப் பறித்து வந்து பிட்டாவுக்குள் வைத்தாராம். சரயேவோ தெருக்களில் குண்டு விழுந்த பள்ளங்களில் இறந்தவர்களின் நினைவாகச் சிவப்புப் பிசின் ஊற்றி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருக்காரர்கள் அன்றைக்கு எதைச் சாப்பிட்டு உயிர் பிழைத்தார்கள் என்பது இந்த மேசையில்தான் தெரிந்தது. பயணியாகப் போனபோது ஊர் அழகைக் காட்டியது. உள்வீட்டுக் கதையைச் சொன்னது இந்த அம்மாதான்.

உங்களை அங்கே அனுப்ப இன்னொரு காரணமும் உண்டு. போஸ்னியா அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவோடு 1966இல் ஆஸ்திரியா போட்ட ஒப்பந்தத்தில் தொழிலாளர்களாக வந்தவர்களின் குடும்பங்களும், போரில் வந்தவர்களும் உட்காரும் இடம் அது. முதலில் வந்த தலைமுறை ஜெர்மன் மொழியை வளர்ந்த பிறகு, வேலை செய்துகொண்டே கற்றவர்கள். உங்கள் வாக்கியம் பாதியில் நின்றாலும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். "எந்த ஊர்? அம்மா அப்பா நல்லா இருக்காங்களா?" என்றுதான் பேச்சே தொடங்கும். வியன்னாவில் வேறெங்கும் இதை என்னிடம் அவ்வளவு சீக்கிரம் யாரும் கேட்டதில்லை.

சாப்பாட்டு விஷயம் சுருக்கமாக. செவாப்பி என்பது விரல் நீள இறைச்சி உருண்டை. ஐந்தாகவோ பத்தாகவோ சூடான சோமுன் ரொட்டிக்குள் வைத்து, பச்சை வெங்காயத் துண்டுகளோடும் கைமாக் என்ற பாலாடையோடும் தருவார்கள். பெரும்பாலும் மாட்டிறைச்சி. வேண்டாமென்றால் பாலாடைக்கட்டி வைத்த சிர்னிட்சாவோ, கீரை வைத்த ஸெல்யானிட்சாவோ கேளுங்கள். புரெக் என்று கேட்டால் போஸ்னியர் கடையில் இறைச்சிதான் வரும். பக்கத்தில் சுட்ட சிவப்புக் குடமிளகாயை அரைத்த அய்வார் அவசியம். காரம் குறைவுதான், ஆனால் நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

கடைசியில் காபி. சின்னச் செம்புப் பாத்திரத்தில், மண்டியோடு வரும். சர்க்கரைக் கட்டியின் முனையைக் காபியில் தோய்த்துக் கடித்துவிட்டு, அதன் மேல் ஒரு வாய் குடிக்க வேண்டும். குடித்ததும் எழுந்து போனால் அந்த அம்மாவுக்கு மனசு கேட்காது. ஒரு மணி நேரமாவது உட்காருங்கள்.

கையில் ரொக்கம் இருக்கட்டும், அட்டை வாங்காத கடைகளும் உண்டு. மதியம் தாண்டினால் சிர்னிட்சா தீர்ந்துவிடும், பதினொன்றுக்கே போய்விடுங்கள். வரும் சனிக்கிழமை நான் குடும்பத்தோடு அங்கேதான் இருப்பேன். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எங்களோடு வாருங்கள்.